சேலத்து வக்கீலும் எங்கள் தாத்தாவும்

"பனமரத்துப்பட்டிக்காரனுக்குப் பிரெஞ்சு எப்படி ஐயா வந்தது?" என்று என்னைக் கேட்காத ஆள் இந்த ஊரில் இல்லை. சேலம் வணிகவரி அலுவலகத்தில் குமாஸ்தாவாக 36 வருடம் உட்கார்ந்திருந்தேன். மாற்றலாகி வரும் ஒவ்வொரு அதிகாரியும் என் பணிப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு இதே கேள்வியைக் கேட்பார். "பாண்டிச்சேரியில் படித்தேன் சார்" என்று சுருக்கமாக முடித்துவிடுவேன். முழுப் பதிலைச் சொல்லியிருந்தால் ராஜாஜியில் ஆரம்பித்திருக்க வேண்டும். அவர் போட்ட ஒரு சட்டத்தால்தான் நான் பிரெஞ்சு படித்தேன். அவர் போட்ட இன்னொரு சட்டத்தால்தான் எனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத மனிதர் எங்கள் குடும்பத்துக்குள் இப்படிப் புகுந்து விளையாடியதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். இப்போதுதான் கை வந்தது.

என் அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்குக் கள்ளிறக்கும் தொழில். இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் தளைநார். காலையும் மாலையும் இருபது மரம் ஏறி இறங்குவாராம். ஊர்ப் பெயரிலேயே பனமரம் இருக்கிறது, பிறகு என்ன குறைச்சல்? 1937 அக்டோபர் 1-ஆம் தேதி அது நின்றது. அன்றுதான் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த பழைய பெரிய சேலம் ஜில்லா அது. மதராஸ் மாகாணத்திலேயே முதல் ஜில்லா நம்முடையதுதான்.

ஏன் நம்முடையது? அதற்கு அவருடைய கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

ராஜகோபாலாச்சாரியார் பிறந்தது 1878 டிசம்பர் 10. ஓசூர் பக்கம் தொரப்பள்ளி கிராமம். அப்பா அந்த ஊர் முன்சீப். சட்டம் படித்துவிட்டு 1900-வாக்கில் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். பெரிய வக்கீலாகக் காசு பார்த்தவர்தான். ஆனால் அன்றைய சேலம் சும்மா இருக்க விடுகிற ஊர் இல்லை. சேலம் விஜயராகவாச்சாரியார் என்ற மூத்தவர் இங்கேதான் இருந்தார். பின்னாளில் 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர். அந்த நிழலில் இவரும் பொதுவாழ்வுக்கு வந்தார். 1911-ல் நகரசபை உறுப்பினர், 1917 முதல் 1919 வரை சேர்மன்.

சேர்மன் நாட்களைப் பற்றி ஒரு கதையைச் சேலத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்கிரகாரத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் திறந்துவிடும் வேலையைத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்தாராம். அவர் கை பட்ட தண்ணீரா என்று தெருவே கொதித்தது. இவர் அசையவில்லை. கொஞ்ச நாளில் தெருக்காரர்களுக்குத் தாகம் எடுத்தது, அவ்வளவுதான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். இந்தக் கதையில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. சேலத்துக்குக் குடிநீர் தருவதற்கென்று வெள்ளைக்காரன் 1911-ல் கட்டியது நம் பனமரத்துப்பட்டி ஏரி. ஜருகுமலைத் தண்ணீர் இல்லாமல் அந்த ரகளை நடந்திருக்காது அல்லவா?

1919-ல் சென்னைக்குக் குடிபோனார், காந்தியைப் பார்த்தார், வக்கீல் தொழிலை விட்டார், வேலூர்ச் சிறைக்குப் போனார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1922-ல் காந்தி சிறையிலிருந்தபோது, சட்டசபைக்குள் போகலாம் என்று ஒரு கட்சியும் கூடாது என்று ஒரு கட்சியுமாகக் காங்கிரஸ் பிளந்தது. கூடாது என்ற கட்சிக்கு இவர்தான் முன்னணி. பதினைந்து வருடம் கழித்து அதே சட்டசபையில் முதல்மந்திரியாக உட்கார்ந்தவரும் இவர்தான். எதிரிகள் இதைச் சொல்லிச் சொல்லியே காட்டினார்கள். மனிதர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நமக்கு வேண்டியது நடுவில் வரும் திருச்செங்கோடு. 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, குடும்பத்தோடு குடிசையில் போய் இருந்தார். கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, கள் எதிர்ப்பு மூன்றும் அங்கே நடந்தன. குடியைக் கண்டிப்பதற்கென்றே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் அவருக்கு உதவியாக இருந்த இளைஞர் பின்னாளில் கல்கி என்று பெயர் வாங்கினார். சேலம் கிராமங்களில் கூலிக்காசு எந்த வழியாகப் போகிறது என்பதை அந்த வருடங்களில் அவர் கண்ணாலேயே பார்த்திருக்க வேண்டும். கள்ளுக்கடை ஏலம் எடுப்பவன், கடன் கொடுப்பவன், சனிக்கிழமைச் சந்தை எல்லாம் ஒரே சங்கிலி. ஆகவே 1937 ஜூலையில் மாகாணத்தின் முதல்மந்திரியானதும் மதுவிலக்கை எங்கே தொடங்குவது என்று அவர் அதிக நாள் யோசித்திருக்க மாட்டார்.

யோசிக்க வேண்டியிருந்தது பணத்தைப் பற்றித்தான். நிலவரிக்கு அடுத்தபடி அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம் கள், சாராயத்திலிருந்துதான் வந்தது. அதை விட்டால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் எதைக் கொண்டு செலவு செய்வது? சட்டம் போட்டு, சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு என்று ஒவ்வொரு ஜில்லாவாக விரித்துக்கொண்டே 1939-ல் அதற்கும் வழி கண்டார். அதுதான் பொது விற்பனை வரி. இந்தியாவில் எல்லாச் சரக்குக்கும் பொதுவாக விற்பனை வரி விதித்த முதல் மாகாணம் மதராஸ். சிறிய விகிதம்தான், ஆனால் கை மாறும் இடத்திலெல்லாம் விழும். வியாபாரிகள் எதிர்த்தார்கள். பிறகு நாடு முழுவதும் எல்லா மாகாணங்களும் இதைப் பார்த்துக் காப்பி அடித்தன. அந்தச் சட்டத்தை 1959-ல் திருத்தி எழுதிய வடிவத்தைத்தான் நான் உத்தியோகம் முழுக்கக் கரைத்துக் குடித்தேன். இத்தனை பெரிய ஓட்டையை இத்தனை சின்ன ஊசியால் தைத்த முதல்மந்திரி வேறு யாரையும் எனக்குத் தெரியாது. ஒரு குமாஸ்தாவின் அபிப்பிராயம், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். சட்டம் வந்ததும் தாத்தா கொஞ்ச நாள் பதநீர் இறக்கினார். கலயத்தில் சுண்ணாம்பு தடவ வேண்டும், லைசென்ஸ் வாங்க வேண்டும், போலீஸ் வந்து முகர்ந்து பார்ப்பான். கருப்பட்டி காய்ச்ச விறகு வேண்டும். காய்ச்சினால் விலை கிடையாது. ஒரு வருடம் தாக்குப்பிடித்தார். பிறகு யாரோ சொன்னார்கள், பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரன் வேறே, சட்டம் வேறே, மரம் அதே மரம்தான் என்று. 1938 கடைசியில் அரிவாள்பெட்டியோடு கிளம்பிவிட்டார். பன்னிரண்டு வயதுப் பையனான என் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

அப்பாயி போகவில்லை. இரண்டு பெண் குழந்தைகளோடு அரை ஏக்கர் மேட்டுக்காட்டைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டாள். வெளியே சொன்ன காரணம் காடு. உள்ளே இருந்த காரணத்தை நான் பெரியவனான பிறகுதான் சொன்னாள். தாத்தா இறக்கியதில் பாதியைத் தானே குடிப்பாராம். அடியும் உண்டு. "அந்த ஐயரு சட்டம் போட்ட ஒரு வருசந்தான் சாமி நான் முதுகை நிமித்தித் தூங்குனது" என்பாள். அவர் ஐயர் இல்லை அப்பாயி, ஐயங்கார் என்று திருத்தினால், "எந்த ஐயராயிருந்தா என்ன?" என்பாள். தாத்தாவோ கடைசி வரைக்கும் ராஜாஜி பெயர் காதில் விழுந்தால் காறித் துப்புவார். ஒரே சட்டம், ஒரே வீடு. இரண்டு பேர் சொன்னதும் பொய்யில்லை.

தாத்தா வில்லியனூர்ப் பக்கம் தோப்பில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பா மரம் ஏறவில்லை. கொம்யூன் அலுவலகத்தில், நாங்கள் மேரி என்போம், அங்கே எடுபிடியாகச் சேர்ந்து சேவகரானார். 1949-ல் நான் பிறந்தேன். துரைமார்களைப் பார்த்து அப்பாவுக்கு ஆசை, என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் போட்டார். 1954-ல் பிரெஞ்சுக்காரன் ஆட்சி போன பிறகும் அந்தப் பள்ளிகள் நடந்தன. கள்ளிறக்குபவரின் பேரன் லுவார் நதியும் பதினான்காம் லூயியும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

கோடை விடுமுறையில் பனமரத்துப்பட்டிக்கு வருவோம். எல்லைச் சாவடியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளைக் குத்திப் பார்ப்பார்கள், சிலரை வாயை ஊதச் சொல்வார்கள். இந்தப் பக்கம் ராஜாஜி நாடு, அந்தப் பக்கம் குடிகாரன் நாடு என்று கண்டக்டர் கிண்டல் செய்வார். என் வயதுக்காரர்களுக்கு அந்தச் சாவடி நினைவிருக்கும்.

இதற்கிடையில் ராஜாஜி எத்தனை நாற்காலி மாறினார்! 1939 அக்டோபரில், கேட்காமல் இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டார்கள் என்று காங்கிரஸ் மந்திரிசபைகள் எல்லாம் ராஜினாமா செய்தபோது இவரும் இறங்கினார். (யுத்த காலத்தில் கவர்னரின் ஆலோசகர்கள் மதுவிலக்கை நிறுத்திவைத்தார்கள். தாத்தாவுக்குத் திரும்பிவர வழி திறந்தது, அவர் வரவில்லை. பிறகு 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது.) அந்த இரண்டு வருட ஆட்சியில் அவர் செய்த பெரிய பிழை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. நடராசனும் தாளமுத்துவும் சிறையில் நோயுற்று 1939-ல் உயிர்விட்டார்கள். அந்தப் பெயர்களைத் தமிழ்நாடு மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வேண்டாம், முஸ்லிம் லீகோடு பேசி முடியுங்கள் என்றார். ஊரே ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். காங்கிரசை விட்டே வெளியே வந்துவிட்டார். மற்றவர்கள் சிறையில் இருந்தபோது இவர் வெளியே இருந்தது அவருக்கு ஆயுளுக்கும் கரும்புள்ளியாகப் போனது. ஆனாலும் 1946-ல் நேருவின் இடைக்கால அரசில் மந்திரி, 1947-ல் வங்காளத்துக்குக் கவர்னர், 1948 ஜூனில் மவுண்ட்பேட்டனுக்குப் பிறகு கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில் உட்கார்ந்த ஒரே இந்தியர், கடைசியும் அவரே. தொரப்பள்ளி முன்சீப் மகன்.

எங்கள் பள்ளியில் வரலாறு எடுத்தவர் ஜெனரல் தெகோல் பக்தர். 1946-ல் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கிராமத்துக்குப் போனார், பன்னிரண்டு வருடம் கழித்து நாடே அழைத்தபோது வந்தார் என்று கண் கலங்கச் சொல்வார். கேட்கும்போதெல்லாம் எனக்கு அப்பாயி சொல்லும் ஐயர் ஞாபகம்தான் வரும். இருவரும் போவதற்கு அஞ்சாதவர்கள். ஆனால் தெகோல் திரும்பி வந்த பிறகு ஜனங்களிடம் நேராக ஓட்டுக் கேட்டார். நம்மவருக்கு ஓட்டுக் கேட்பது ஒத்துவரவில்லை. வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்த பிறகு ராஜாஜி ஒரு தேர்தலிலும் வேட்பாளராக நின்றதே கிடையாது. 1952-ல் சென்னைச் சட்டசபையில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை இல்லை. 375 இடத்தில் 152தான். 73 வயதில் அவரைக் கூப்பிட்டு, கவர்னர் மேல்சபைக்கு நியமனம் செய்து, முதல்மந்திரி ஆக்கினார்கள். வந்த வேகத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். ரேஷன் வரிசை ஓய்ந்தது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் கொல்லைப்புறமாக வந்தவர் என்ற பேச்சு ஓயவில்லை.

1953-ல் வந்தது அந்தக் கல்வித் திட்டம். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம் பாடம். மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். கட்டடமும் வாத்தியாரும் குறைவு, பிள்ளைகள் அதிகம், ஆகவே முறைவைத்து நடத்தலாம் என்பது கணக்கு. குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் தி.மு.க.வும் பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரே நின்றது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு முற்றி, 1954 ஏப்ரலில் அவர் விலகினார். காமராஜர் வந்தார், திட்டம் போனது.

இதைப் பற்றி அறிஞர்கள் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தாத்தா 1938-ல் கிளம்பாமல் இங்கேயே இருந்திருந்தால், நான் பள்ளியில் சேரும் வயதில் அந்தத் திட்டம் என் வாசலில் நின்றிருக்கும். மூன்று மணி நேரம் அ, ஆ. மீதி நேரம் தாத்தாவிடம் பனை ஏறப் பழக வேண்டும். அதுவோ அவரே சட்டம் போட்டுத் தடுத்த தொழில்! 1937-ல் போட்ட சட்டத்தை 1953-ல் திட்டம் எழுதியவர் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாரா? எங்களைப் போன்ற வீடுகளின் நன்மைக்காகத்தான் இரண்டையும் செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுச் செய்தாரா என்பதில்தான் சந்தேகம்.

இந்த இடத்தில் வேறு யாராயிருந்தாலும் கதை முடிந்திருக்கும். பாரத ரத்னா கொடுத்தாயிற்று. ராமாயணம் எழுதி 1958-ல் சாகித்ய அகாதமி பரிசும் வாங்கியாயிற்று. எண்பது வயது. அப்போதுதான் அவர் ஒரு கட்சி ஆரம்பித்தார்! 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டது. நிலத்தை எல்லாம் சேர்த்து உழுவது ருஷ்யா வழி, குடியானவன் ஒழிந்தான் என்று ராஜாஜி கிளம்பினார். ஜூன் 4-ஆம் தேதி சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்தது. ஆந்திரத்து விவசாயிகள் தலைவர் என்.ஜி.ரங்கா தலைவர், பம்பாயின் மினு மசானி பொதுச் செயலாளர், மூளை இவர். எதற்கெடுத்தாலும் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று ஒரு ராஜ்யம் நடக்கிறது என்றார். அந்த மூன்று வார்த்தைகளும் டீக்கடை வரைக்கும் வந்தன.

கட்சியில் மகாராஜாக்களும் மில் முதலாளிகளும் இருந்தார்கள் என்பது உண்மைதான். பணக்காரர் கட்சி என்று நேரு தரப்பில் சொன்னார்கள். ஆனாலும் 1962-ல் மக்களவையில் 18 இடம். 1967-ல் 44 இடம். அந்த மக்களவையில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி அதுதான். எட்டு வருடத்துக் கட்சிக்கு அது லேசுப்பட்ட காரியமா? நடுவில் 1962-ல், அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி வாஷிங்டன் போய்க் கென்னடியைப் பார்த்துவிட்டு வந்தார். 83 வயதில் கடல் கடந்த பயணம்.

தமிழ்நாட்டில் அவர் செய்ததுதான் பெரிய வேடிக்கை. 1937-ல் இந்தியைத் திணித்தவர் 1965-ல் இந்தியை எதிர்த்து நின்றார். தன்னைக் குலக்கல்வி ஆச்சாரியார் என்று ஏசிய தி.மு.க.வோடு 1967-ல் கூட்டணி சேர்ந்து மேடை ஏறினார். காங்கிரசை இறக்கியே தீருவது என்று 88 வயதில் ஒரு வைராக்கியம். இறக்கியும் விட்டார்கள். அண்ணா முதலமைச்சரானார், சுதந்திராக் கட்சிக்குச் சட்டசபையில் 20 இடம். தி.மு.க.வுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்துவிட்டதால் கிழவரின் துணை அதற்குத் தேவைப்படவில்லை.

அதே சமயத்தில்தான் நான் ஊர் திரும்பினேன். தாத்தா வில்லியனூரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாயிக்கு வயதாகிவிட்டது, துணைக்கு ஆள் வேண்டும் என்று அப்பா என்னை அனுப்பினார். தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, சர்வீஸ் கமிஷன் பரீட்சையில் தேறி, 1971-ல் சேலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்த வருடம் தேர்தலில் ராஜாஜி அணி மாறி, பரம எதிரி காமராஜரோடு கைகோத்தார். இரண்டு பேரும் சேர்ந்தே தோற்றார்கள். மக்களவையில் சுதந்திராக் கட்சி 44-லிருந்து 8-க்கு வந்தது. ஆகஸ்ட் கடைசியில் கருணாநிதி அரசு நிதி நெருக்கடியைச் சொல்லி மதுவிலக்கைத் தளர்த்தியது. வேண்டாம் என்று ராஜாஜி முதலமைச்சரை நேரில் பார்த்துக் கேட்டுக்கொண்டார். கொட்டும் மழையில் வந்தார் என்று சொல்வார்கள். 92 வயது. தான் பதவியேற்றித் துணை நின்றவர்களின் வாசலில், தான் 1937-ல் போட்ட சட்டத்துக்காக நின்றார்.

கடை திறந்த செய்தியை நான்தான் அப்பாயியிடம் சொன்னேன். முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். "அந்த ஐயரு இன்னும் இருக்காரா?" என்றாள். இருக்கிறார் என்றேன். "கேக்கலியா அவரு?" கேட்டார், அவர்கள் கேட்கவில்லை என்றேன். முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

1972 டிசம்பர் 25-ஆம் தேதி ராஜாஜி காலமானார். இரண்டு வருடத்தில் சுதந்திராக் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்துபோனது. மரணச் செய்தியை ரேடியோவில் கேட்டுவிட்டு நான் அப்பாயிக்கு அவருடைய விற்பனை வரியைப் பற்றி விளக்க முயன்றேன். கள்ளுக்காசுக்குப் பதிலாக வந்த வரி, அந்த வரி ஆபீசில்தான் நான் வேலை பார்க்கிறேன் என்றேன். "அப்ப உனக்குச் சோறு போடறதும் அவருதானா?" என்று கேட்டுவிட்டு, "உங்க தாத்தன் கேட்டிருந்தா நீ வாங்கியாந்த அரிசியத் தொட்டிருக்க மாட்டான்" என்றாள். அன்று இருவரும் சிரித்தோம்.

அதன் பிறகு சாராயக் கடைகள் 1974-ல் மூடி, 1981-ல் திறந்து, 1987-ல் மறுபடி மூடியதை எல்லாம் அலுவலகத்திலிருந்தே பார்த்தேன். 2003 முதல் சில்லறைக் கடைகளையே அரசாங்கம் டாஸ்மாக் பெயரில் நடத்துகிறது. பாட்டிலுக்கு ஆயத்தீர்வை உண்டு, அதன்மேல் விற்பனை வரியும் உண்டு. மதுவருமானத்தை விடுவதற்காக ராஜாஜி கண்டுபிடித்த வரி, மதுவிலிருந்தே கோடி கோடியாக வருகிறது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து பெரும்பாலான சரக்கை விழுங்கியபோதும், குடிக்கும் மதுவை மாநிலத்தின் பழைய வரிக்கே விட்டுவைத்தார்கள்.

கள் இறக்க மட்டும் 1987-லிருந்து இன்றுவரை அனுமதி இல்லை. எங்கள் காட்டுக்கு மேற்கே தாத்தா ஏறிய மரங்களில் மூன்று நிற்கின்றன. நுங்குக் காலத்தில் பையன்கள் ஏறுகிறார்கள். தளைநார் போடத் தெரியாமல் நைலான் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறுகிறார்கள்.